வாசலில் நிற்கும் மூன்றாவது ஆள்

இணையத்தில் ஏதாவது ஒரு கணக்குத் தொடங்கப் போகிறவர் முன்னால் இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, அந்தத் தளத்துக்கென்றே தனியாக ஒரு கடவுச்சொல் அமைத்துக்கொள்ளலாம். அல்லது கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் என்று ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர் பொறித்த பொத்தானை அழுத்தி, அந்த நிறுவனம் நமக்காகச் சாட்சி சொல்ல, உள்ளே போகலாம். இரண்டாவது வழியில் நினைவில் வைக்க எதுவும் இல்லை. அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. எது பாதுகாப்பானது என்று கேட்டால் நிபுணர்களில் பலர் இரண்டாவதைக் காட்டுவார்கள். அதற்கு வலுவான காரணங்களும் உண்டு. ஆனால் இந்த இரண்டு வழிகளும் பிறந்து வளர்ந்த அறுபது ஆண்டுக் கதையைக் கூர்ந்து பார்த்தால், பாதுகாப்பு என்ற ஒற்றை அளவுகோல் போதாது என்பது புரியும். மூன்றாவது ஆளைச் சாட்சியாக நிறுத்தும் முறை ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் வளர்ந்தது. அங்கே சாட்சி சொன்னவர், யாருக்காகச் சொன்னாரோ அவருக்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்டிருந்தார். அந்த முறை பொதுச் சந்தைக்கு வந்தபோது அதன் கணிதம் முழுசாக வந்து சேர்ந்தது. பதில் சொல்லும் கடமை வழியிலேயே விடுபட்டுப் போனது. கடவுச்சொல்லின் குறைகளைக் கணக்கு வைத்திருப்பவர் சிரமப்பட்டாவது தானே சரிசெய்துகொள்ள முடியும். சாட்சி பின்வாங்கினால் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. இந்த வேறுபாட்டை எடைபோடாமல் பொத்தானை அழுத்துவது தவறு என்பது என் முடிவு.

கணினியில் கடவுச்சொல் எங்கே தொடங்கியது என்று தேடினால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்துக்குப் போய்ச் சேருவோம். அங்கே ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் உருவாகி, 1961இல் முதன்முதலாகக் காட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழி செய்தது. கணினி நேரம் விலை மிகுந்த பொருளாக இருந்த காலம் அது. ஒருவருக்கு ஒதுக்கிய நேரத்தை இன்னொருவர் எடுத்துவிடக் கூடாது, ஒருவருடைய கோப்புகள் அடுத்தவர் கண்ணில் படக் கூடாது என்ற எளிய தேவைக்காகவே ஆளுக்கொரு கடவுச்சொல் வந்தது. அது வந்த வேகத்திலேயே தோற்கவும் செய்தது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சிட்டுத் தரும்படி துளை அட்டை வழியாக விண்ணப்பித்தார். அச்சிட்ட தாள் மறுநாள் அவர் கைக்கு வந்துவிட்டது. 1966இல் இன்னும் பெரிய விபத்து நடந்தது. ஒரு நிர்வாகி தினசரி அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். திருத்தும் மென்பொருள் இரண்டு பேருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உண்டாக்கியதால் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. அதற்குப் பிறகு கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும், அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக, எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாகத் தட்டச்சாகி வந்தன. டூரிங் விருது ஏற்புரையில் கோர்பாட்டோவே இந்த நிகழ்ச்சியை விவரித்திருக்கிறார். இரண்டு நிகழ்ச்சிகளிலும் தவறு பயனரிடம் இல்லை, காவல் வைத்தவரிடம்தான் இருந்தது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். கடவுச்சொல்லின் வரலாறு முழுவதும் பழி பயனர் மேல் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆனால் பெரிய உடைப்புகள் பெரும்பாலும் களஞ்சியத்தின் பக்கமிருந்தே வந்தன.

இதற்கான மருந்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீடம் கண்டார். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், ஒரு திசையில் மட்டும் ஓடும் கணிதச் சார்பு ஒன்றின் வழியாக மாற்றிச் சேமித்துவிட்டால், கோப்பு கையில் கிடைத்தாலும் அதிலிருந்து மூலச் சொல்லைத் திருப்பி எடுப்பது கடினம். மாரிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நூல் இந்த யோசனையை நீடத்தின் பெயரோடு பதிவு செய்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் இதை மேலும் வளர்த்தார்கள். ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் ஒரு தற்போக்கு எண்ணைக் கலந்து மாற்றினார்கள். துறையினர் 'சால்ட்' என்று சொல்வது இதைத்தான். இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் சேமிப்பில் இரண்டும் வேறுவேறாகத் தெரியும். 1979இல் அவர்கள் எழுதிய கட்டுரை மற்றொரு உண்மையையும் வெளிப்படுத்தியது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 சதவீதம், மிகக் குட்டையானவை அல்லது அகராதிகளிலும் பெயர்ப் பட்டியல்களிலும் எளிதில் கிடைப்பவை. இந்த எச்சரிக்கைக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1988 நவம்பரில் இணையத்தின் ஒரு பகுதியை முடக்கிய புழு மென்பொருள், தான் பரவிய வழிகளில் ஒன்றாக இப்படி ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களைப் பயன்படுத்தியது. அதை எழுதிய ராபர்ட் டப்பன் மாரிஸ், கட்டுரையாசிரியர் மாரிஸின் மகன்.

மூன்றாவது ஆளின் கதையும் அதே ரோஜர் நீடத்திடமிருந்துதான் கிளம்புகிறது. 1978இல் அவரும் மைக்கேல் ஷ்ரோடரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, ஒரு வலையமைப்பில் ஒருவரையொருவர் அறியாத இரண்டு கணினிகள் எப்படி நம்பிக்கை கொள்ளலாம் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த, இருவரும் நம்பும் ஒரு சர்வர் நடுவில் நின்று, 'இவர் இன்னார்' என்று முத்திரையிட்டுச் சொல்லும் என்பது அவர்கள் தந்த விடை. பழைய முத்திரை ஒன்றைத் திருடி வைத்திருந்து பின்னாளில் பயன்படுத்தும் ஓட்டை அதில் இருப்பதை 1981இல் டோரதி டென்னிங்கும் ஜியோவானி சாக்கோவும் காட்டி, நேரக் குறிப்பைச் சேர்க்கச் சொன்னார்கள். இந்த அடித்தளத்தின் மேல்தான் எம்.ஐ.டி.யின் அதீனா திட்டத்தில் கெர்பரோஸ் எழுந்தது. 1983இல் தொடங்கிய அதீனா திட்டம் வளாகமெங்கும் பொதுக் கணினிகளை நிறுவியது. எந்த மாணவரும் எந்தக் கணினி முன்னாலும் உட்காரலாம் என்பதால், எந்தக் கணினியையும் நம்ப முடியாது. கம்பியில் ஓடும் தகவலையும் நம்ப முடியாது. ஸ்டீவ் மில்லர், கிளிஃபர்ட் நியூமன் முதலியோர் வடிவமைத்த கெர்பரோஸில் மாணவர் ஒருமுறை மட்டும் கடவுச்சொல்லைத் தட்டுவார். நடு சர்வர் அவருக்குச் சில மணி நேரம் செல்லும் சீட்டு ஒன்றைத் தரும். அச்சு இயந்திரம், அஞ்சல், கோப்பறை எல்லாம் அந்தச் சீட்டிலிருந்து பெறும் துணைச் சீட்டுகளைப் பார்த்தே கதவைத் திறக்கும். கடவுச்சொல் எந்தச் சேவையின் கைக்கும் போவதில்லை. 1989 தொடக்கத்தில் இது உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசாஃப்ட்டின் அலுவலக வலையமைப்புகளுக்கும் இதுவே முதுகெலும்பு.

கெர்பரோஸின் வெற்றியைக் கணிதத்துக்கு மட்டும் உரித்தாக்குவது வரலாற்றைப் பாதியில் நிறுத்துவதாகும். அங்கே சாட்சி சொன்ன சர்வர் யாருடையது? மாணவரைச் சேர்த்துக்கொண்ட அதே நிறுவனத்துடையது. அவருடைய கட்டணத்தை வாங்கியதும், அவர் பெயரைப் பேரேட்டில் எழுதியதும், பட்டம் தரப்போவதும் அந்த நிறுவனமே. சீட்டு கிடைக்காமல் போனால் மாணவர் ஓர் அறைக்கு நேரில் நடந்து போய், அடையாள அட்டையைக் காட்டி, ஒரு மனிதரிடம் முறையிட முடியும். அவரை நீக்கவேண்டுமென்றால் கூட அதற்கென்று கல்வி நிறுவனத்தில் விதிகளும் மேல்முறையீடும் உண்டு. சாட்சிக்கும் பயனருக்கும் இடையே வேறு உறவு ஏற்கெனவே இருந்தது. நுழைவுச் சீட்டு அந்த உறவின் ஒரு சிறு கிளைதான். இன்றும் ஓர் அலுவலகம் தன் ஊழியர்களுக்கு ஒற்றை நுழைவு முறை வைத்தால் அது பொருத்தமாக இருப்பது இதனால்தான். வேலையை விட்டவரின் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் மூடப்பட வேண்டும் என்பதே அங்கே தேவை. மூடும் அதிகாரம் முதலாளியிடம் இருப்பதை இரு தரப்பும் அறிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள்.

பொது இணையம் வளர்ந்தபோது நிலைமை முற்றிலும் வேறாகியது. ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு செய்தித்தாளும் தனிக் கணக்குக் கேட்டன. டினேய் ஃப்ளோரென்சியோவும் கார்மக் ஹெர்லியும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரின் பழக்கத்தை அளந்தது. சராசரியாக ஒருவருக்குக் கடவுச்சொல் தேவைப்படும் கணக்குகள் 25 இருந்தன. ஆனால் அவரிடம் இருந்த கடவுச்சொற்கள் ஆறு அல்லது ஏழுதான். வீட்டுக்கும் கடைக்கும் பெட்டிக்கும் ஒரே சாவியைப் போட்டு வைத்த கதையாக இருந்தது இது. களஞ்சியங்களும் தம் பங்குக்குக் கைவிட்டன. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் எந்த மாற்றமும் செய்யப்படாமல், வெறும் எழுத்தாகவே வெளியேறின. அவற்றில் மிக அதிகமானோர் வைத்திருந்தது 123456. லிங்க்ட்இன் 2012இல் இழந்த கடவுச்சொற்கள் 'சால்ட்' கலக்காமல் சேமிக்கப்பட்டிருந்தன. மாரிஸும் தாம்சனும் அதை எழுதி வைத்து 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2013இல் அடோபியிலிருந்து கசிந்த கோப்பில், ஒரே கடவுச்சொல் வைத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே குறியீடு இருந்தது. பக்கத்திலேயே அவரவர் எழுதிக்கொடுத்த நினைவுக் குறிப்பும் படிக்கும்படி இருந்தது. ஒரு தளத்தில் கசிந்த சொல்லை நூறு தளங்களில் போட்டுப் பார்ப்பது திருடர்களின் அன்றாடத் தொழிலாயிற்று. இதற்கிடையே விதி வகுத்தவர்கள், பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலக்கவும், 90 நாளுக்கொருமுறை மாற்றவும் சொல்லி மக்களை வாட்டினார்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டுக்காக 2003இல் அந்த அறிவுரையை எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் நிஸ்ட்டும் அந்த விதிகளைக் கைவிட்டது.

ஆக, மூன்றாவது ஆளை அழைத்துவர உண்மையான தேவை இருந்தது. முதலில் அந்த இடத்தில் வந்து நின்றது மைக்ரோசாஃப்ட். 1999இல் வந்த பாஸ்போர்ட் சேவை, ஹாட்மெயில் கணக்கு ஒன்றைக் கொண்டே பல கடைகளிலும் தளங்களிலும் நுழைய வழி செய்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்திலேயே அதன் பலவீனம் வெளிப்பட்டது. பாஸ்போர்ட்டின் இணைய முகவரிக்கான ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட நிறுவனம் தவறியதால் ஹாட்மெயில் பயனர்கள் பலர் உள்ளே போக முடியாமல் நின்றார்கள்; நிறுவனத்தோடு சம்பந்தமே இல்லாத நிரலாளர் ஒருவர் 35 டாலரைத் தம் அட்டையிலிருந்து கட்டிச் சரிசெய்தார். 2001 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஹெய்ல்ஸ்டார்ம் என்ற பெரிய திட்டத்தை அறிவித்தது. ஒருவருடைய நாட்காட்டி, முகவரிகள், பணப்பை எல்லாம் பாஸ்போர்ட்டின் பின்னால் ஒரே இடத்தில் இருக்கும் என்றது. வாடிக்கையாளருக்கும் தமக்கும் நடுவே இன்னொரு நிறுவனம் வந்து உட்காருவதைப் பிற தொழில்கள் விரும்பவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் முன்னின்று லிபர்ட்டி அலையன்ஸ் என்ற எதிரணியைக் கட்டியது. நுகர்வோர் அமைப்புகளின் புகாரை விசாரித்த அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன், பாதுகாப்பு பற்றியும் அந்தரங்கம் பற்றியும் மைக்ரோசாஃப்ட் உண்மைக்கு மாறாகக் கூறியதாகச் சொல்லி, 2002 ஆகஸ்டில் அதைத் தொடர் தணிக்கைக்கு உட்படுத்தியது. 2003 மே மாதம் பாகிஸ்தானைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர், ஒற்றை முகவரி வரியைக் கொண்டே யாருடைய பாஸ்போர்ட் கடவுச்சொல்லையும் மாற்றிவிட முடியும் என்று காட்டினார். இபே போன்ற கூட்டாளிகள் ஒவ்வொருவராக விலகினார்கள். மைக்ரோசாஃப்ட்டிலேயே அடையாளத் துறையின் முதன்மைச் சிந்தனையாளராக இருந்த கிம் கேமரன், 2005இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்தத் தோல்விக்குக் காரணம் சொன்னார். ஒரு பரிமாற்றத்தில் நியாயமான இடம் இருப்பவர் மட்டுமே அதில் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் தளங்களுக்குள் நுழைய பாஸ்போர்ட் பொருந்தியது, பிறர் தளங்களுக்குள் நுழைய அது ஏன் வேண்டும் என்று மக்களுக்குப் புரியவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த வரலாற்றில் இதைவிடத் தெளிவான கணிப்பை நான் படித்ததில்லை.

அதே 2005இல் இதற்கு நேர்மாறான முயற்சி ஒன்றும் தொடங்கியது. லைவ்ஜர்னல் தளத்தை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் கொண்டுவந்த ஓபன்ஐடி, சாட்சி யாராக இருக்க வேண்டும் என்று பயனரே தேர்ந்துகொள்ளலாம் என்றது. சொந்த இணைய முகவரி வைத்திருப்பவர் தனக்குத் தானே சாட்சியாகலாம். பிடிக்காவிட்டால் சாட்சியை மாற்றலாம். பதில் சொல்லும் கடமையை மீட்டெடுக்க நடந்த மிக நேர்மையான முயற்சி இதுதான் என்பேன். அது தோற்ற விதமும் கவனிக்கத் தக்கது. ஓர் இணைய முகவரியைத் தன் பெயராகத் தட்டுவது சாதாரண மக்களுக்குப் பிடிபடவில்லை. பெரிய நிறுவனங்கள் சாட்சியாக இருக்க முந்திக்கொண்டு வந்தன. பிறருடைய சாட்சியை ஏற்கப் பெரும்பாலும் முன்வரவில்லை. 2008 டிசம்பரில் ஃபேஸ்புக் கனெக்ட் வந்தது. ஒரு பொத்தான், பழகிய நீல நிறம், கூடவே பயனரின் பெயரும் படமும் நண்பர் பட்டியலும். தளம் நடத்துபவருக்கு ஓபன்ஐடி வெறும் அடையாளத்தைத் தந்தது. ஃபேஸ்புக் ஒரு சந்தையையே தந்தது. போட்டி அங்கேயே முடிந்துவிட்டது. ஓபன்ஐடியின் பெயரைத் தாங்கி 2014இல் வந்த ஓபன்ஐடி கனெக்ட் தொழில்நுட்பமாக மிகச் சிறந்தது. கூகுள் பொத்தானுக்குப் பின்னால் இன்று இயங்குவதும் அதுவே. ஆனால் சாட்சியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நடைமுறையில் மூன்று நான்கு பெயர்களுக்குள் சுருங்கிவிட்டது. மின்னஞ்சல் வைத்திருக்கும் எவரும் சாட்சியை மாற்றிக்கொள்ளும்படி மோசில்லா அமைத்த பெர்சோனாவும் 2016 நவம்பரில் மூடப்பட்டது.

சாட்சியின் நலனும் பயனரின் நலனும் பிரிந்து போகும் இடங்களை அடுத்த பத்தாண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டின. ஃபேஸ்புக் வழியாக நுழையும் ஒரு வினாவிடைச் செயலியை ஏறக்குறைய 2,70,000 பேர் பயன்படுத்தியதால், 8.7 கோடிப் பேர் வரை தகவல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே 2018இல் ஒப்புக்கொண்டது. நுழைவதற்கான அனுமதிக்குள் நண்பர்களைப் பற்றிய தகவலையும் எடுக்கும் அனுமதி பொதிந்திருந்ததே காரணம். அதே ஆண்டு செப்டம்பரில், ஏறக்குறைய மூன்று கோடிக் கணக்குகளின் நுழைவு டோக்கன்கள் ஃபேஸ்புக்கிலிருந்து திருடப்பட்டன. அவற்றைக் கொண்டு பிற தளங்களுக்குள் யாரும் நுழைந்ததற்கு ஆதாரம் இல்லை என்று அந்த நிறுவனம் சொன்னது, அதை ஏற்கலாம். ஆனால் சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஆண்டு காட்டியபடி, அப்படி யாராவது நுழைந்திருந்தால் அவரை ஒவ்வொரு தளத்திலிருந்தும் வெளியேற்றப் பயனருக்குப் பெரும்பாலும் வழியே இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கியபோது, அதன் பொத்தானை நம்பியிருந்த பிற கதவுகளும் சேர்ந்து மூடின. ஆப்பிளின் கதை இன்னும் துலக்கமானது. பிற நிறுவனங்களின் நுழைவுப் பொத்தானை வைக்கும் செயலிகள் தன்னுடையதையும் வைத்தாக வேண்டும் என்று ஆப்பிள் 2019இல் விதித்தது. 2020 செப்டம்பரில் விளையாட்டு நிறுவனமான எபிக் கேம்ஸோடு வணிகத் தகராறு முற்றியபோது, அந்த நிறுவனத்தின் பயனர்களுக்கு அந்தப் பொத்தான் இனி வேலை செய்யாது என்ற அறிவிப்பு வந்தது. ஒரு நாளுக்குள் அது தள்ளிவைக்கப்பட்டது. இரண்டு நிறுவனங்களின் வழக்கில் எந்தப் பங்கும் இல்லாத பயனர்கள்தான் அவசரமாக மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் சரிசெய்துகொள்ள ஓட வேண்டியிருந்தது.

தனி மனிதர் ஒருவருக்கு நேர்ந்ததை நியூயார்க் டைம்ஸ் 2022 ஆகஸ்டில் வெளியிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, மருத்துவரிடம் காட்டுவதற்காகத் தம் குழந்தையின் நோயுற்ற உடற்பகுதியைப் படம் எடுத்தார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைக் குற்றப் படமாகக் கருதியது. அவருடைய கணக்கு மூடப்பட்டது. மின்னஞ்சல், படங்கள், தொடர்பு எண்கள், கூகுளிடமே வாங்கியிருந்த தொலைபேசி எண் எல்லாம் ஒரே நாளில் போயின. எண் போனதால் பிற கணக்குகளுக்கு வரவேண்டிய குறியீடுகளும் வரவில்லை. காவல்துறை விசாரித்துக் குற்றம் எதுவும் இல்லை என்று முடித்த பிறகும் கணக்குத் திரும்பவில்லை. குழந்தைகளைக் காக்க நிறுவனங்கள் தேடுவதில் தவறில்லை. ஆனால் அரசுத் துறையே குற்றமற்றவர் என்று கண்டபின்னும் ஒரு மனிதரின் எல்லாக் கதவுகளையும் மூடியே வைக்கும் அதிகாரம் ஒரு தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது என்றால், அந்த அதிகாரத்தின் கீழ் இன்னும் இருபது கதவுகளை நாமாகவே கொண்டுபோய்ச் சேர்ப்பது ஏன் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது இது: தனிக் கடவுச்சொல் வைத்தாலும், அதை மறந்தால் மீட்பது மின்னஞ்சல் வழியாகத்தானே? மின்னஞ்சல் கூகுளிடம் இருக்கும்போது எல்லாக் கதவும் ஏற்கெனவே அங்கேதான் தொங்குகிறது. பொத்தான் அதை வெளிப்படையாக்குகிறது, அவ்வளவுதான். இதில் பாதி உண்மை உண்டு. மின்னஞ்சல் கணக்கை இழந்தவர் ஆபத்தில் இருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் தனிக் கடவுச்சொல் உள்ளவர் மின்னஞ்சல் போன மறுநாளும் தன் பிற கணக்குகளுக்குள் போக முடியும். உள்ளே போய், மீட்பு முகவரியை வேறொன்றாக மாற்றிக்கொள்ள முடியும். பொத்தானை மட்டுமே நம்பியவருக்கு அந்த அவகாசம் கிடையாது. இன்னொரு வேறுபாடும் உண்டு. மீட்புக்கு மட்டும் பயன்படும் மின்னஞ்சல், நாம் எப்போது எந்தத் தளத்துக்குள் போகிறோம் என்று ஒவ்வொரு முறையும் அறிவதில்லை. சாட்சி நிறுவனம் அறிகிறது. கடவுச்சொற்களை நினைவில் வைக்க மனிதரால் ஆகாது, அவற்றைப் பெட்டகம் போலச் சேமித்து வைக்கும் மேலாளர் மென்பொருளும் ஒரு மூன்றாவது ஆள்தானே என்பது அடுத்த மறுப்பு. அத்தகைய மென்பொருளை வழங்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திடமிருந்து 2022இல் பயனர்களின் பெட்டகப் பிரதிகளே திருடு போனது இந்த மறுப்புக்கு வலு சேர்க்கிறது. ஆயினும் அந்தத் திருட்டின் பின் பயனர்கள் என்ன செய்ய முடிந்தது என்று பாருங்கள். தம் பெட்டகத்தை ஏற்றுமதி செய்து வேறு மென்பொருளுக்குக் குடிபெயர்ந்தார்கள். முக்கியக் கடவுச்சொற்களை மாற்றினார்கள். 1997இல் புரூஸ் ஷ்னையர் உருவாக்கிய பாஸ்வேர்ட் சேஃப் போல, நிறுவனமே இல்லாமல் சொந்தக் கணினியில் இருக்கும் கோப்பாகவும் இதை வைத்துக்கொள்ளலாம். பெட்டகம் பயனரின் உடைமை. சாட்சி பயனரின் உடைமை இல்லை.

சிறு கடைகளும் சிறு தளங்களும் கூகுள் அளவுக்குக் காவல் வைக்க முடியாது என்ற வாதத்தை நான் முழுவதுமாக ஏற்கிறேன். அடோபியும் லிங்க்ட்இன்னுமே தவறிய இடத்தில் ஊர்ப் பதிப்பகத்தின் விற்பனைத் தளத்திடம் என்ன எதிர்பார்க்க முடியும்? ஒருமுறை புத்தகம் வாங்கும் தளத்தில், இழந்தாலும் வருந்தாத கணக்கில், பொத்தானை அழுத்துவது நல்லதே. அங்கே கசிவதற்குக் கடவுச்சொல்லே இருக்காது. மின்னஞ்சல், வங்கி, வரி, மருத்துவப் பதிவு, பிழைப்பு நடத்தும் தொழில்சார் கணக்கு ஆகியவை வேறு வகை. அவை தனிக் கடவுச்சொல்லோடும், கைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாவது சோதனையோடும் தனித்து நிற்க வேண்டும். இரண்டு வழிகளையும் ஒரே கணக்கில் கலந்து வைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். அவினாஷ் சுதோதனனும் ஆண்ட்ரூ பேவர்டும் 2022இல் புகழ்பெற்ற 75 சேவைகளைச் சோதித்தபோது, குறைந்தது 35இல், ஒருவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு திருடர் முன்கூட்டியே கணக்குத் தொடங்கி வைத்து, பின்னர் உண்மையானவர் பொத்தான் வழியாகவோ வேறு வழியிலோ வந்து சேரும்போது அதே கணக்கில் பங்குபோட முடிந்ததைக் கண்டார்கள்.

இந்தியாவில் பெரும்பாலோர் இந்த இரண்டு வழிகளையும் தாண்டி மூன்றாவது ஒன்றில் இருக்கிறார்கள்: கைபேசி எண்ணும், அதற்கு வரும் ஒருமுறைக் குறியீடான ஓடிபியும். இணையத்தில் அட்டைவழிப் பணப்பரிமாற்றத்துக்கு இரண்டாவது சோதனை கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009இல் விதித்ததிலிருந்து இந்தப் பழக்கம் வேரூன்றியது. இன்று உணவு வரவழைப்பதிலிருந்து பத்திரப்பதிவுவரை அதுவே வாசல். இதிலும் ஒரு மூன்றாவது ஆள் இருக்கிறார், தொலைபேசி நிறுவனம். ரீசார்ஜ் செய்யாமல் செயலிழந்த எண் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். பழைய கணக்குகளின் கதவும் அவரோடு போகும். ஆனாலும் இங்கே ஆதார் அட்டையோடு கடைக்குப் போய் அதே எண்ணில் புது சிம் வாங்க முடிகிறது, நிறுவனம் பிடிக்காவிட்டால் எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாற முடிகிறது, ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி முறையிட வழி இருக்கிறது. சட்டம் நினைத்தால் சாட்சியைப் பதில் சொல்ல வைக்க முடியும் என்பதற்கு இது நம் கண்முன் உள்ள சான்று. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய சட்டங்கள், கணக்கை முடக்கும்போது காரணம் சொல்லவும் முறையீட்டைக் கேட்கவும் பெரிய தளங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. தம் சொந்த நுழைவு முறையைப் பிறர் மேல் திணிப்பதையும் தடுக்கின்றன. இந்தியாவில் 2023இல் அமைக்கப்பட்ட குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுக்கள் அந்தத் திசையில் வைத்த முதல் அடி. இவை வலுப்பெற்றால் என் தயக்கமும் அதே அளவுக்குக் குறையும்.

கடவுச்சொல்லே வேண்டாம் என்று சொல்லும் பாஸ்கீ முறையை 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரிப்பதாக அறிவித்தன. தளத்திடம் இருப்பது பொதுச் சாவி மட்டும். இரகசியச் சாவி பயனரின் கைபேசியில் இருக்கும். களஞ்சியம் கொள்ளை போனாலும் பயன்படாது, போலித் தளம் கேட்டாலும் சாவி வெளியே வராது. நீடம் தொடங்கி வைத்த இரண்டு கதைகளின் நல்ல பகுதிகளும் இதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் கைபேசி தொலைந்தால் என்ன செய்வது என்பதற்காக அந்த இரகசியச் சாவிகளின் பிரதி ஆப்பிளின் ஐகிளவுட்டிலோ கூகுள் கணக்கிலோ வைக்கப்படுகிறது. ஆரம்பத்தில் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்திடம் அவற்றைக் கொண்டுபோக வழி இல்லை. ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்கு மாறுகிறவர் ஒவ்வொரு தளமாகப் போய்ப் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. சாவிகளை ஒரு நிறுவனத்திடமிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கான பொதுவிதிகளின் வரைவை, பாஸ்கீ தரநிலையை வகுக்கும் ஃபிடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில்தான் வெளியிட்டது. ஒரு கணக்குக்கு பாஸ்கீ வைக்கலாமா என்று யோசிப்பவர் கேட்க வேண்டியது, அந்தச் சாவியை வைத்திருக்கும் நிறுவனம் நாளை கணக்கை மூடினால், அதே சாவி அல்லது அதற்கு ஈடான இன்னொன்று தன் கையில் இருக்குமா என்பதே. யூ.எஸ்.பி.யில் செருகும் பாதுகாப்புச் சாவி ஒன்றைக் கூடுதலாகப் பதிந்து வீட்டில் வைத்திருப்பவருக்கு அதன் பதில் இன்றைக்கே ஆம்.